மஞ்சள் விளக்கு எரிந்தால்தான் என் ஞாபகம் வரும்

கார் என்ஜினுக்கு டைமிங் தப்பிவிட்டதா என்று கருவியை மாட்டிப் பார்த்துச் சொல்வது என் தொழில். பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும், பார்த்ததை நம்பவைப்பதற்குள்தான் பொழுது சாய்ந்துவிடும்.

கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் பக்கத்தில், என்ஜின் படம் போட்டு ஒன்று எரியும். எரிந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்குப் பாட்டு கேட்காது, பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாது, கண் மட்டும் அதையே பார்க்கும். அப்படிப் பார்த்த எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காவது அது வருஷத்துக்கு ஒரு தடவை எரியும். நான் தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. என்ஜினுக்குள் கீழே ஒரு தண்டு சுற்றும், அது கிராங்க். மேலே ஒன்று சுற்றும், அது கேம். கீழே இருப்பது வண்டியை இழுக்கிறது. மேலே இருப்பது வால்வுகளைத் திறந்து மூடி, காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே அனுப்புகிறது. இரண்டையும் ஒரு சங்கிலி சேர்த்துக் கட்டியிருக்கும். சங்கிலி ஒரு பல் தாண்டி உட்கார்ந்தால் போதும், மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. இரண்டையும் வேவு பார்க்க ஆளுக்கொரு சென்சார் உண்டு. அவை சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் போட்டுவைத்து விளக்கை எரியவிடும். அந்த எண்ணைப் படிக்கிற ஆள் நான்.

கள்ளக்குறிச்சியில், சேலம் ரோட்டில், அன்வர் பாய் ஒர்க்‌ஷாப்பை ஒட்டி ஒரு ஷட்டர் கடை. மாடியில் வீடு. போர்டில் என் பெயரைப் பெரிதாக எழுதித்தான் வைத்திருக்கிறேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் நான் ‘ஸ்கேனர்’. “ஸ்கேனரு கடையில கீறாரா?” என்றுதான் கேட்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை, அவள் இருப்பதும் மஸ்கட்டில். ஆகவே ஊரில் என் பெயர் சும்மாதான் கிடக்கிறது.

கூட நிற்கிறவர்

சங்கராபுரத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை, விளக்கு எரிகிறது. கருவியை மாட்டினேன். மேல் தண்டின் டைமிங் பின்தங்கியிருக்கிறது என்று வந்தது. இந்த மாதிரி வண்டிகளில் என்ஜின் ஆயில்தான் அந்த டைமிங்கைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக் கொடுக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ரோடு போடுகிறவர்கள் ஊற்றுகிற தார் மாதிரி இருந்தது. ஆயிலை மாற்றி, அது போகிற குட்டி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்றேன்.

நான் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டினார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த திரையைப் பார்த்து ஆட்டினார். பிறகு அதைப் போட்டோ எடுத்து சென்னையிலிருக்கிற மைத்துனருக்கு அனுப்பினார். மைத்துனர் ஏதோ கார் கம்பெனியில் இருக்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, “ஆயில் போயிருக்கும் மாமா, மாத்திட்டு வால்வ கிளீன் பண்ணச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. ஜவுளிக்கடைக்காரருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“மிஷினு கரெக்டா தான் சொல்லுது மச்சான், கூட ஒருத்தரு நின்னுக்கினு அதயே திருப்பிச் சொல்லிக்கினு கீறாரு.”

ஒட்டுப்பொட்டு

எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர், கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர், காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். சங்கிலி தொய்ந்துவிட்ட வண்டிகள் அப்படித்தான் கத்தும். விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். “இல்லியே” என்றார். கருவி எண்ணைக் காட்டுகிறது, விளக்கோ இல்லை. பல்பு போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தால், மீட்டர் கண்ணாடியின் மேல், சரியாக விளக்கு இருக்கிற இடத்தில், மெரூன் கலரில் பெரிய ஒட்டுப்பொட்டு. அவர் சம்சாரத்தின் பொட்டு அட்டையிலிருந்து எடுத்ததாம்.

நகத்தால் சுரண்டி எடுத்தேன். உள்ளே விளக்கு சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறதோ. அவராகவே சொன்னார்.

“எரியறத பாத்துக்கினே ஓட்டுனா மனசுக்குக் கஷ்டமா கீது சார், பொட்டு வெச்சப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல.”

டியூட்டி முடிந்து வரும் போன்

வளர்மதிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. மகள் படிப்புக்காகப் போனாள். மகள் படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, இப்போது ஓசூரில் இருக்கிறாள். போன காரணம் தீர்ந்தும் வளர்மதி அங்கேயே இருக்கிறாள். வார்டுக்கே பொறுப்பாக்கியிருக்கிறார்கள். அவள் ஒரு சொல் சொன்னால் பத்து பேர் ஓடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். பெருமையை வைத்துக்கொண்டு நான் தனியாகத் தோசை ஊற்றிக்கொள்வேன்.

டியூட்டி முடிந்து சாயந்திரம் கூப்பிடுவாள். “இன்னிக்கு இன்னா வண்டி?” என்பதுதான் முதல் கேள்வி. ஒட்டுப்பொட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். அவள் சிரித்தால் போனில் கரகரவென்று கேட்கும், அதற்காகவே நான் பகலில் ஒரு கதையைச் சேர்த்து வைத்துக்கொள்வது உண்டு. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, இல்லை ஊருக்கு வந்துவிடுவதா? ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள்.

“உன் இஷ்டம்மா” என்றேன். வா என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. பத்து பேர் ஓடுகிற இடத்தை விட்டுவிட்டு, மாடியில் எனக்குத் தோசை ஊற்ற வா என்று எப்படிக் கூப்பிடுவது? அவளாக முடிவு செய்யட்டும், நாம் நடுவில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதை ஒரு பெருந்தன்மை என்றே நினைத்தேன். அடுத்த நாளும் கேட்டாள். அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும்.

“இஷ்டம் இஷ்டம்னு சொல்றீங்களே, உங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டா அத மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்றீங்க.”

உளுந்தூர்பேட்டையில் ஒரு குடும்பம்

உளுந்தூர்பேட்டை ரோட்டோரத்தில் ஒரு கார் நின்றுவிட்டது என்று அங்கிருந்த மெக்கானிக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற குடும்பம். புருஷன், பெண்டாட்டி, வயதான அப்பா, ஒரு பெண் குழந்தை. ஓடிக்கொண்டே இருந்த வண்டி பொசுக்கென்று அணைந்து, திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லையாம். மெக்கானிக் சங்கிலியைத் திறந்துவிடலாம் என்று ஸ்பேனரோடு நின்றார். நான் போய்ச் சேர்ந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

கிராங்க் சென்சாரில் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. சூடேறினால் செத்துப்போகும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஆறின நேரத்தில் பார்த்தால் குற்றம் பிடிபடாது. மறுபடி சூடேறட்டும் என்று என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பெண் பெரிய டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் போட்டாள். எனக்கும் ஒரு தட்டு. வேண்டாம் என்றேன், விடவில்லை. பெரியவர் என் ஊரைக் கேட்டார், மகளைக் கேட்டார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார், மருந்தை வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். குழந்தை என் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தியது. அந்த வண்டி சீக்கிரம் அணைய வேண்டும் என்று வேண்ட வேண்டியவன் நான். உள்ளுக்குள் வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருந்தேன்.

அணைந்தது. கருவியில் கீழ்த் தண்டின் சிக்னல் அறுந்தது தெரிந்தது. மெக்கானிக் பஜாருக்குப் போய் சென்சார் வாங்கிவந்து மாட்டிவிட்டுக் கிளம்பினார். எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியை இறக்கி அந்தப் பெண் சொன்னாள். ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான், கள்ளக்குறிச்சியில் என் மாடி வீடு பூட்டிக் கிடந்தது.

“வீட்ல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க, பார்த்துப் போங்கண்ணா.”

விளக்கை மட்டும்

பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர் அடிக்கடி வருவார். வந்ததும் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார், ஆகவே எனக்கு அவர்மேல் ஒரு பலவீனம் உண்டு. அன்று வெள்ளைக் கார் ஒன்றோடு வந்தார். மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒத்துப்போகவில்லை என்கிற எண். பாய் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சங்கிலி நீண்டுவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்.

புரோக்கருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வாங்குகிற பார்ட்டி வண்டி பார்க்க வருகிறார். கருவியில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் எண் அழிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். அது எல்லா புரோக்கர்களுக்கும் தெரியும். அழித்தாலும் நாலு தடவை ஓட்டினால் திரும்ப வந்துவிடும் என்றேன். அதற்குள் வண்டி கைமாறிவிடும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். டீயை மட்டும் குடித்துவிட்டு இப்படிச் சொல்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குப் புரியவில்லை என்று நினைத்து நிதானமாக விளக்கினார்.

“கோளாற எடுக்கச் சொல்லி உங்கள யாரு கேட்டா சார், வெளக்க மட்டும் எடுங்க, போறவரைக்கும் நல்லாப் போவட்டும்.”

அன்று சாயந்திரம் வளர்மதி கூப்பிட்டபோதும் கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்லி அன்றைய பேச்சை நல்லபடியாக முடித்தேன்.

பாய்க்கு வந்த சந்தேகம்

பொன்னுசாமி கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஏழு பேர் உட்காருகிற பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் அதற்கு மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, புளி, கடுக்காய், சாமை மூட்டைகளையும் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வருவார். அவர் ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதும் அதில்தான். வண்டி நின்றால் அவருக்குப் பிழைப்பும் நின்றது.

அந்த வண்டியில் சங்கிலி பல் தாண்டியது. பாய் சங்கிலி, அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அதே எண். மறுபடி பிரித்துச் சரியாக்கினார். மறுபடி அதே எண். பொன்னுசாமி சத்தம் போடுகிறவர் அல்ல. சாமான் நல்ல சாமான்தானா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பாய்க்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. போலிச் சாமான் போட்டதாக ஒருவரும் அவரைச் சொன்னதில்லை.

கருவி என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைத்தான் காட்டியது. ஏன் தாண்டுகிறது என்று அதற்குத் தெரியாது. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ மலைக்குப் போய் அந்த வண்டி எப்படி வாழ்கிறது என்று பார்த்துவிட்டு வா என்றார். கடையை யார் பார்ப்பது என்றேன்.

“கடையில உன்னத் தேடி யாரு தம்பி வரப் போறா, வெளக்கு எரிஞ்சா ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க, கெளம்பு.”

ஒரு சாண் இடம்

பாய் மூன்றாம் தடவையாகச் சரிசெய்து கொடுத்த வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. பின் சீட்டில் இருந்தவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். நான் மடியில் கருவியை வைத்து எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிமலை தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. சாயந்திரம் வளர்மதி கூப்பிட்டால் கிடைக்காதே என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்றும் நினைத்தேன்.

பொன்னுசாமியின் வீடு சரிவில் இருக்கிறது. முன்பக்கம் மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினார். ஹேண்ட்பிரேக் போடவில்லை. மழைக்காலத்தில் போட்டுவைத்தால் பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டு காலையில் விடாதாம், அந்த மலையில் யாருமே போடுவதில்லையாம். அவர் சம்சாரம் சின்னப்பொண்ணு வந்து பின் டயருக்குப் பின்னால் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். அது அவள் வேலை. சாயந்திரம் வைப்பதும் அவள்தான், காலையில் எடுப்பதும் அவள்தான். அவள் கல்லை எடுத்துவிட்டுச் சொன்னால்தான் அவர் புறப்படுவார். ஊரிலிருந்தால் ஒருநாளும் மாறியதில்லை என்றார்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். காலையில் ஒன்றும் விடாமல் பார்க்க வேண்டும் என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கல் டயரைத் தொடவில்லை. நடுவில் ஒரு சாண் இடம். மூட்டைகளைப் பின்னால் ஏற்றினார்கள். வண்டி லேசாகப் பின்னால் தொய்ந்தது. ஒரு பெரியம்மா ஏறினார். ‘டொக்’ என்று உள்ளே ஒரு சத்தம், இன்னும் கொஞ்சம் பின்னால். இன்னும் இரண்டு பேர், இன்னொரு ‘டொக்’. கடைசியில் டயர் கல்லில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பிடிபட்டுவிட்டது.

என்ஜின் ஒரு பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். முதல் கியரில் இருக்கிற வண்டி பின்னால் போனால் என்ஜின் தலைகீழாகச் சுற்றும். ஓடும்போது சங்கிலியை ஆயில் அழுத்தம் இழுத்துப் பிடித்திருக்கும். அணைந்திருக்கும்போது அந்தப் பிடி இருக்காது. தினமும் காலையில் பாரம் ஏற ஏற, அந்த ஒரு சாண் இடத்துக்குள் என்ஜின் வெட்டி வெட்டிப் பின்னால் சுற்றி, தொய்ந்த சங்கிலி ஒரு நாள் பல் தாண்டிவிடுகிறது. பாயின் சாமானில் குற்றமில்லை. பொன்னுசாமியிடம் சொன்னேன். அவர் உடனே, “பாயிகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதே” என்றார்.

ஏன் இடம் விட்டு வைக்கிறீர்கள் என்று சின்னப்பொண்ணைக் கேட்டேன். டயர் கல்லில் அழுத்தி உட்கார்ந்துவிட்டால் கல்லை எடுக்க வராது, வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். காலை அவசரத்தில் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். ஆனாலும் பாரம் ஏறி டயர் கல்லில்தான் போய் உட்காருகிறது, தினமும் முன்னால் நகர்த்தித்தான் எடுக்கிறார்கள். அதை இதுவரை யாரும் யோசித்ததில்லை. இனிமேல் கல்லை ஒட்டி வையுங்கள், கியரை ரிவர்ஸில் போடுங்கள், அப்போது வண்டி பின்னால் போனாலும் என்ஜின் சரியான பக்கமாகத்தான் சுற்றும், அவர் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பிரேக்கை மிதித்த பிறகு கல்லை எடுங்கள் என்று காட்டிக் கொடுத்தேன். அவள் கல்லை டயரோடு சேர்த்துத் தள்ளி, காலால் ஒரு மிதி மிதித்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். கருவி அப்போது வண்டிக்குள் கிடந்தது.

“சுலுவா இருக்கட்டும்னு தான் சாரே எடம் உட்டோம், எடம் உட்டதால தான் பின்னால போவுதுன்னா இனிமே ஒட்டியே வெக்கிறோம், எடுக்கக் கஷ்டமா இருந்தா இருந்துட்டுப் போவுது.”

சிக்னல் கிடைக்கிற வளைவு

கீழே இறங்கும்போது எனக்கு மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு சாண் இடம்தான் கண்முன்னால் நின்றது. யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நானும் விட்டேன். வளர்மதி நகர்ந்து போக நானே இடம் விட்டுவிட்டு, அவள் நகர்கிறாளே என்று மாடியில் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் வேண்டும். இதைச் சொல்ல இவ்வளவு வருஷம் எதற்கு என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பொன்னுசாமியைக் கேட்டேன். ஒரு வளைவில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கிக் கால் நீட்டினார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கூப்பிட்டேன். காலையில் நான் கூப்பிட்டதே கிடையாது. முதல் மணியிலேயே எடுத்தாள். “இன்னாங்க, உடம்புக்கு இன்னா? நேத்து எத்தினி வாட்டி அடிச்சேன், போவவே இல்ல” என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, “வளரு, வந்துடு” என்றேன். “எனக்கு நீ இங்க வேணும். கையெழுத்து கிய்யெழுத்து ஒண்ணும் போடாத, வந்துடு.”

“நேத்து சாயந்திரம் போட்டுட்டேங்க” என்றாள். “நேத்து தான் கடைசி நாளுன்னாங்க. உங்கள ஒரு வாட்டி கேட்டுட்டுப் போடலாம்னு வெளியவே நின்னுக்கினு அடிச்சேன், கெடைக்கல. கெடைச்சாலும் இஷ்டம்னு தான் சொல்லப் போறாருன்னு உள்ள போயிட்டேன்.”

ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தேன். அவள் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. நான் அழுததும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இங்கே பொன்னுசாமி ஹார்ன் அடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் முன்பே சொல்லியிருந்த அந்த மலை வண்டிக்கு என்ன கோளாறு, கண்டுபிடித்தாயிற்றா என்று கேட்டாள். கண்டுபிடித்துவிட்டேன், சாயந்திரம் சொல்கிறேன் என்றேன். வைப்பதற்கு முன்னால் சொன்னாள்.

“ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பக் கேப்பாங்க, அப்பவும் நான் உங்களத் தான் கேப்பேன், இப்ப சொன்னத மாத்தக் கூடாது.”

ஊரார் வண்டியில் வால்வு ஒரு பல் தாமதமாகத் திறப்பதை மலையேறிப் போய்க் கண்டுபிடித்த எனக்கு, என் வாய் ஒரு நாள் தாமதமாகத் திறந்ததை மஸ்கட்டிலிருந்து ஒருத்தி போனில்தான் சொல்ல வேண்டியிருந்தது.